பள்ளியில் குழந்தைகளின் சமூக மனவெழுச்சி நலம்: ஆசிரியர் பணியும் செவிமடுப்பவர் பணியும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைகளின் சமூக, மனவெழுச்சி நலத்தைப் பேணுவது பள்ளியின் கடமைகளுள் ஒன்று என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் அக்கடமையைப் பள்ளிக்குள் யார், எவ்வாறு நிறைவேற்றுவது என்பது தெளிவாக வரையறுக்கப்படவில்லை. பாடம் நடத்துதல், மதிப்பெண் இடுதல், ஒழுங்கு காத்தல் ஆகியவற்றோடு உளத்துணைப் பணியையும் ஆசிரியர் மீதே ஏற்றுவது பரவலான போக்காக உள்ளது. கர்நாடகத்திலும் பீகாரிலும் நிகழ்ந்த இரு ஆய்வுகளின் முடிவுகளைத் தமிழ்நாட்டின் சட்டங்களோடும் பள்ளி நடைமுறைகளோடும் இணைத்து நோக்குகிறது இக்கட்டுரை. இழிவுபடுத்தாத வகுப்பறையை உருவாக்குவதே ஆசிரியரின் முதற்பணி என்பதையும், குழந்தையின் குறையைக் கேட்பதற்கு மதிப்பெண்ணும் தண்டனையும் கையில் இல்லாத வேறொருவர் தேவை என்பதையும் இது விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனவெழுச்சி, இளிவரல், உளவளத்துணை, வகுப்பறைச் சூழல், மாணவர் மனசு, பள்ளி நல அலுவலர்.

முன்னுரை

ஒரு குழந்தை தன் விழிப்பு நேரத்தின் பெரும்பகுதியைப் பள்ளியில் கழிக்கிறது. அங்கு அது எழுத்தையும் எண்ணையும் மட்டும் கற்பதில்லை. தன்னைப் பிறர் எவ்வாறு மதிக்கின்றனர், தவறு செய்தால் என்ன நேரும், துன்பம் வந்தால் யாரிடம் செல்லலாம், செல்லக்கூடாது என்பனவற்றையும் அங்குதான் கற்கிறது. இவை எந்தப் பாடநூலிலும் இடம்பெறுவதில்லை. எந்தத் தேர்விலும் கேட்கப்படுவதில்லை. ஆயினும் குழந்தை வளர்ந்தபின் மறவாமல் வைத்திருப்பவை பெரும்பாலும் இவையே.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உளநலம் பற்றிய பேச்சு இருவேறு தருணங்களில் எழுவதைக் காணலாம். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம் ஒன்று. பள்ளியையொட்டி ஒரு வன்முறையோ பாலியல் குற்றமோ வெளிப்படும் காலம் மற்றொன்று. இரண்டிலும் உடனடித் தீர்வாக முன்வைக்கப்படுவது, ஆசிரியர்களுக்கு உளவியல் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே. இத்தீர்வு எந்த அளவிற்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொற்களும் வரையறையும்

கல்வியியல் நூல்களில் ‘மனவெழுச்சி’ என்னும் சொல் மகிழ்ச்சி, அச்சம், சினம், துயரம் போன்ற உள்ளக் கிளர்ச்சிகளைக் குறிக்க நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பேச்சு வழக்கில் ‘உணர்ச்சி’ எனப்படுவதும் இதுவே. துன்பத்திலுள்ள ஒருவருக்கு உரையாடல் வழியாகத் துணைநிற்கும் பணியைத் தமிழ்நாட்டில் ‘ஆலோசனை’ என்றும், ஈழத் தமிழ்க் கல்வி வழக்கில் ‘உளவளத்துணை’ என்றும் வழங்குவர். இவ்விரண்டனுள் பின்னையது பொருள் நிறைந்தது. ஆலோசனை என்பது அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்வது. துணை என்பது உடன் நிற்பது. குழந்தைகளிடம் செய்யவேண்டிய பணி எத்தகையது என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

சமூக மனவெழுச்சி நலம் என்பதை நோயின்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் திறன்கள் பத்தினை வகுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், மனவெழுச்சிகளைக் கையாளுதல், நெருக்கடியைச் சமாளித்தல் என்பன அவற்றுள் சில. அமெரிக்காவில் 1994இல் தோன்றிய ‘கேசல்’ என்னும் அமைப்பு, தன்னறிவு, தன்னை நெறிப்படுத்தல், பிறரை உணர்தல், உறவுத்திறன், பொறுப்போடு முடிவெடுத்தல் என ஐந்து திறன்களாக இதனைத் தொகுத்தது.

இவ்வரையறைகள் பயனுடையன. எனினும் இவற்றில் ஒரு குறையும் உண்டு. இவை யாவும் குழந்தை பெறவேண்டிய திறன்களைச் சுட்டுகின்றனவே அன்றி, குழந்தை இருக்கும் சூழலைச் சுட்டுவதில்லை. நாள்தோறும் இகழப்படும் ஒரு மாணவனுக்கு நெருக்கடியைச் சமாளிக்கும் திறனைக் கற்பிப்பதைக் காட்டிலும், இகழ்ச்சியை நிறுத்துவது முதன்மையானது. எனவே நலம் என்பதைக் குழந்தையின் திறன், பள்ளியின் சூழல் ஆகிய இரண்டும் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும்.

2. பெருமிதமும் இளிவரலும்

இக்கருத்தை விளக்கத் தமிழ் மரபிலேயே பொருத்தமான கலைச்சொற்கள் உள்ளன. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் பெருமிதம், இளிவரல் ஆகிய இரண்டும் பள்ளியோடு நேரடித் தொடர்புடையன. பெருமிதம் பிறக்கும் களங்கள் நான்கனுள் முதலாவதாகத் தொல்காப்பியர் வைப்பது கல்வியை. இழிவு, அருவருப்பு என்னும் பொருள்களில் விளக்கப்படும் இளிவரல் பிறக்கும் களங்கள் நான்கனுள் ஒன்று மென்மை, அதாவது வலியின்மை. மெய்ப்பாட்டியல் செய்யுளில் தோன்றும் உணர்வுகளுக்கு இலக்கணம் கூறுவது. அது உளவியல் நூலன்று. ஆயினும் கல்வி பெருமிதத்தைத் தரவேண்டியது, வலியின்மை இழிவைத் தருவது என்னும் இவ்விரு கூற்றுகளையும் இணைத்துப் பார்த்தால் வகுப்பறையின் சிக்கல் தெளிவாகும். கற்க இயலாமல் தடுமாறும் குழந்தைக்குக் கல்வியே இளிவரலின் களமாகிவிடுகிறது.

மரபு முழுவதும் ஒரே திசையில் செல்லவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. பொறுமையும் நடுநிலையும் மென்மையும் ஆசிரியருக்கு உரியன என்பது அதன் கருத்து. அதே பாயிரம் மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து, கடை மாணாக்கருக்கு ஆட்டையும் எருமையையும் உவமை கூறுகிறது. ‘எருமை’ என்னும் சொல் இன்றும் வகுப்பறை வசையாக வழங்குகிறது. ‘மக்கு’, ‘தண்டம்’, ‘உருப்படாதவன்’ என்பனவும் அவ்வகையினவே. ஆசிரியரைப் பண்பால் அளந்த மரபும் மாணவரைத் தரத்தால் பகுத்த மரபும் நம்மிடம் ஒருங்கே உள்ளன. இவற்றுள் எதனைப் பள்ளி கைக்கொள்கிறது என்பதே வினா.

இழிவு எப்போதும் வசையாக வருவதில்லை. மதிப்பெண்களை இறங்குவரிசையில் உரக்கப் படித்தல், கட்டணம் செலுத்தாதவரை எழுந்து நிற்கச் சொல்லுதல், உதவித்தொகைக்கு உரியவரைப் பலர் முன்னிலையில் சாதிப் பிரிவு கூறி அழைத்தல், மெல்லக் கற்போரை ஒரே வரிசையில் அமர்த்துதல் ஆகியன தீய நோக்கமின்றியே பல பள்ளிகளில் நிகழ்வன. ஆசிரியருக்கு இவை நிருவாக வசதிகள். குழந்தைக்கோ, தன் நிலையை ஊரறியச் சொல்லும் அறிவிப்புகள்.

3. சட்டத்தின் நிலைப்பாடு

உள்ளத்திற்கு இழைக்கப்படும் தீங்கையும் உடலுக்கு இழைக்கப்படும் தீங்கையும் சட்டம் ஒருங்கே வைத்துப் பார்க்கிறது என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டபோது, குழந்தையைத் திருத்தும் பொருட்டு உடல் வலியையோ மன வலியையோ உண்டாக்கக் கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல்சார் தண்டனையை மட்டுமன்றி மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் எனக் கட்டளையிடுகிறது. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது.

தரவரிசை குறித்தும் அரசு ஒரு முடிவை மேற்கொண்டுள்ளது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடும் வழக்கம் 2017இல் கைவிடப்பட்டது. முதலிடம் பெற்ற சிலரைக் கொண்டாடும் விழா ஏனைய இலட்சக்கணக்கான மாணவர்க்கு என்ன செய்தியைத் தருகிறது என்பதை உணர்ந்து எடுக்கப்பட்ட நல்ல முடிவு அது. ஆயினும் மாநில அளவில் நின்ற வரிசை, பள்ளி அளவிலும் வகுப்பு அளவிலும் பலவிடங்களில் நிற்கவில்லை. பள்ளிச் சுற்றுச்சுவர்களில் கட்டப்படும் விளம்பரத் தட்டிகளே இதற்குச் சான்று.

பிரம்பு குறைந்திருக்கலாம். மன வலி தரும் சொல்லுக்கும் அறிவிப்புக்கும் அளவுகோல் இல்லாமையால், சட்டத்தின் அப்பகுதி நடைமுறையில் வலுவற்றதாகவே உள்ளது. சட்டம் எல்லையை வகுக்குமே தவிர, எல்லைக்குள் என்ன செய்வது என்பதைக் கூறாது. அதனை அறிய ஆய்வுகளை நாட வேண்டியுள்ளது.

4. இரு ஆய்வுகள் காட்டுவன

முதலாவது ஆய்வு கர்நாடகத்தில் நிகழ்ந்தது. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமாகிய நிம்கான்ஸ், வளரிளம் பருவ மாணவர்க்கான வாழ்க்கைத் திறன் கல்வித் திட்டம் ஒன்றை உருவாக்கியது. அதன் சிறப்பு, வெளியிலிருந்து வல்லுநர்களை அனுப்பாமல் பள்ளி ஆசிரியர்களையே பயிற்றுவித்து, செயல்பாடுகள் வழியாக அத்திறன்களைக் கற்பிக்கச் செய்தது. ஓராண்டிற்குப் பின்னர், திட்டத்தில் பங்கேற்ற 605 மாணவர்களும் பங்கேற்காத பள்ளிகளின் 423 மாணவர்களும் ஒப்பிடப்பட்டனர். 2010இல் வெளியான இவ்வாய்வின் முடிவுகள் ஊன்றி நோக்கத்தக்கன. பங்கேற்ற மாணவர்களிடம் தன்மதிப்பும், சிக்கலைச் சமாளிக்க இயலும் என்னும் நம்பிக்கையும், பிறர்க்கு உதவும் நடத்தையும் மேம்பட்டிருந்தன. பள்ளியோடும் ஆசிரியரோடும் அவர்கள் கொண்ட இணக்கம் மிகுந்திருந்தது. ஆனால் உளச்சிக்கல்களின் அளவிலும், வீட்டாரோடும் ஒத்த வயதினரோடும் கொண்ட இணக்கத்திலும் வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டாவது ஆய்வு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில், ‘சேஹர்’ என்னும் திட்டத்தின் வழி நிகழ்ந்தது. அரசு உயர்நிலைப் பள்ளிகள் 74, குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பகுக்கப்பட்டன. ஒரு பிரிவில் ஒரு முழுப்பள்ளித் திட்டத்தைப் பயிற்சி பெற்ற பொதுநிலை ஆலோசகர் ஒருவர் நடத்தினார். அவர் உளவியல் பட்டம் பெற்ற வல்லுநர் அல்லர். மற்றொரு பிரிவில் அதே திட்டத்தைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே நடத்தினார். மூன்றாம் பிரிவில் வழக்கமான பணிகள் மட்டுமே நிகழ்ந்தன. காலைக் கூட்ட உரைகள், சுவரிதழ், மாணவர் குழுக்கள், கருத்துப் பெட்டி, தனிநிலை ஆலோசனை, ஒழுங்கு நடவடிக்கை குறித்து ஆசிரியர்க்கான பயிலரங்கு ஆகியன திட்டத்தின் கூறுகள்.

2018இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இதன் முடிவு எதிர்பாராதது. ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது. மனச்சோர்வு, சக மாணவரைத் துன்புறுத்தல், வன்முறை ஆகியன குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், திட்டமே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை. இரண்டாம் ஆண்டும் பணி தொடர்ந்தபோது ஆலோசகர் நடத்திய பள்ளிகளின் பயன் மேலும் கூடியது.

முதல் ஆய்வில் ஆசிரியர் வெற்றி பெற்றார், இரண்டாவதில் பெறவில்லை. இதனை முரண்பாடு எனக் கொள்ள வேண்டியதில்லை. கர்நாடகத்தில் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது கற்பித்தல். அது அவருக்குப் பழக்கமான, அவரது கால அட்டவணைக்குள் அமையும் பணி. மாறிய கூறுகளும் ஆசிரியரோடும் பள்ளியோடும் தொடர்புடையனவே. நாளந்தாவில் ஒப்படைக்கப்பட்டது அதனினும் விரிந்தது. மாணவர் எழுதியிடும் குறைகளைப் படித்தல், தனியே அழைத்துக் கேட்டல், பள்ளியின் ஒழுங்குமுறையையே மாற்ற முயலுதல் ஆகியன அதில் அடங்கும். இப்பணிக்கு ஆசிரியர் பொருந்தாமைக்கு இரு காரணங்களைக் கருதலாம். ஒன்று, நேரமின்மை. மற்றொன்று இன்னும் அடிப்படையானது. அது அதிகாரம் பற்றியது. தனக்கு மதிப்பெண் இடுபவரிடம், தன் பெற்றோரை அழைத்துப் பேசக்கூடியவரிடம், சிலவேளை தன் துன்பத்திற்கே காரணமானவரின் உடன்பணியாளரிடம் மாணவர் மனந்திறப்பது அரிது. ஆசிரியர் அன்பற்றவர் என்பது இதன் பொருளன்று. அவர் வகிக்கும் இடம் அத்தகையது.

5. தமிழ்நாட்டு நடைமுறைகள்

இம்முடிவின் ஒளியில் தமிழ்நாட்டின் ஏற்பாடுகளை நோக்கலாம். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்னும் பெட்டி வைக்கப்பட்டுள்ளது. மாணவர் தம் குறைகளை எழுதி அதில் இடலாம். பள்ளிகளில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கப்பட வேண்டும் என்னும் வழிகாட்டுதல் 2021இல் வெளியிடப்பட்டது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்னும் உதவி எண் 2018 முதல் இயங்கி வருகிறது. குழந்தைகளுக்கான 1098, மனநலத்திற்காக 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட டெலி மானஸ் 14416 ஆகிய எண்களும் உள்ளன. மாணவர்களைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கும் ‘மகிழ் முற்றம்’ 2024இல் அறிமுகமானது.

இவற்றின் நோக்கம் போற்றத்தக்கது. நாளந்தாவிலும் ஒரு பெட்டி இருந்தது. ஆனால் அதனைத் திறந்து படித்து, எழுதியவர்க்கு விடை காண்பதைத் தன் முழுநேரப் பணியாகக் கொண்ட ஒருவரும் இருந்தார். பெட்டியைத் திறப்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார், எழுதிய மாணவர்க்கு என்ன பாதுகாப்பு ஆகிய வினாக்களுக்கு விடையில்லையேல் பெட்டி வெறும் பெட்டியாகவே இருக்கும். ஒருமுறை எழுதி விடை பெறாத குழந்தை மறுமுறை எழுதாது. தொலைபேசி எண்களும் அவ்வாறே. நெருக்கடி வேளையில் அவை உயிர்காக்கும். ஆயினும் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசும் துணைக்கு அவை மாற்றாகா.

பாதுகாப்பு இல்லாத செவிமடுப்பு தீங்காகவும் முடியும் என்பதை 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நிகழ்ந்த கொடுமை உணர்த்தியது. சக மாணவர்களின் சாதிவெறித் தொல்லையால் பள்ளிக்கு வராதிருந்த பட்டியலின மாணவர் ஒருவர், பள்ளியில் வினவப்பட்டபோது நிகழ்ந்ததைத் தெரிவித்தார். அதன் பின்னர் அம்மாணவர்கள் அவரது வீட்டிற்குள் புகுந்து அவரையும் தடுக்க முயன்ற அவருடைய தங்கையையும் அரிவாளால் வெட்டினர். ஒரு குழந்தை வாய்திறந்து சொல்லியது; பள்ளியும் கேட்டது. கேட்டபின் அக்குழந்தையைக் காக்கும் ஏற்பாடே இல்லாமற் போயிற்று.

இந்நிகழ்வையொட்டி அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் தன் அறிக்கையை அரசிடம் அளித்தது. வண்ணக் கயிறு முதலிய சாதி அடையாளங்களைத் தடை செய்தல், மாணவரை அகர வரிசையில் அமர்த்துதல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இடம்பெறாமை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு ஆகியன அதன் பரிந்துரைகளுள் சில. ஐந்நூறு மாணவர்க்கு மேற்பட்ட பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது இங்குத் தனித்து நோக்கத்தக்கது. நாளந்தா ஆய்வு சான்றுகளின் வழி அடைந்த முடிவும், இக்குழு ஒரு சமூகக் கொடுமையை ஆராய்ந்து அடைந்த முடிவும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன: செவிமடுக்கும் பணிக்குத் தனியாள் தேவை.

தமிழ்ச் சூழலில் ‘மனவெழுச்சி நலம்’ என்பதைச் ‘சமூக’ என்னும் அடைமொழியிலிருந்து பிரிக்க இயலாது என்பதும் இதனால் பெறப்படுகிறது. குழந்தையின் அச்சம் பலவேளைகளில் அதன் உள்ளத்தில் தோன்றிய கோளாறன்று. ஊரின் ஏற்றத்தாழ்வு வகுப்பறைக்குள் நுழைந்ததன் விளைவு.

6. ஆசிரியர் செய்யத்தக்கன

செவிமடுக்கும் பணிக்குத் தனியாள் வேண்டும் எனில், ஆசிரியர்க்கு இதில் பங்கில்லையா என்னும் ஐயம் எழலாம். ஆசிரியரின் பங்கே அடிப்படையானது. ஆனால் அது உளவளத்துணையன்று, சூழல் காத்தல். கூடுதல் பாடவேளையோ செலவோ இன்றி, உள்ள பணிகளையே வேறுவிதமாகச் செய்வதில் அது அடங்கியுள்ளது.

முதலாவது, மதிப்பெண்ணைத் தனிச்செய்தியாக்குதல். விடைத்தாளை மடித்து உரியவரிடம் அளித்து, அவர் முன்னர்ப் பெற்றதோடு மட்டும் ஒப்பிட்டுப் பேசுவது ஒப்பீட்டின் இழிவை நீக்கும். கட்டணம், உதவித்தொகை பற்றிய செய்திகளுக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, தவறான விடையைக் கையாளும் முறை. தவறாக விடை கூறியவரை நிற்கவைத்துவிட்டு அடுத்தவரிடம் செல்வது, இனி வாய்திறவாதே எனக் கற்பிப்பதாகும். விடையின் சரியான பகுதியை முதலில் சுட்டி, அதே மாணவரிடம் மீண்டும் வாய்ப்பளித்தால், பிழை கற்றலின் பகுதி என்பது வகுப்பு முழுவதற்கும் விளங்கும்.

மூன்றாவது, வருகைப் பதிவேட்டைப் படித்தறிதல். அடிக்கடி வராமை, குறிப்பிட்ட கிழமையில் வராமை, மதிய உணவிற்குப் பின் இல்லாமை ஆகியன குழந்தை சொல்லாமல் சொல்லும் செய்திகள். மீண்டும் வந்த மாணவரிடம் ‘ஏன் வரவில்லை?’ என்று பலர் முன் கேட்பதைவிட, ‘வந்தது நல்லது’ எனக் கூறிப் பின்னர்த் தனியே வினவுவது சாலச் சிறந்தது.

நான்காவது, மாற்றத்தைக் கவனித்தல். நண்பரிடமிருந்து விலகல், கையெழுத்திலும் வீட்டுப்பாடத்திலும் திடீர்ச் சரிவு, காரணமற்ற சினம், வகுப்பில் உறங்குதல், உடலில் காயங்கள் ஆகியன கவனிக்கத்தக்கன. ஆசிரியர் இவற்றிற்கு நோய்ப்பெயர் சூட்டலாகாது. கண்டதைக் கண்டவாறு குறித்து உரியவரிடம் சேர்ப்பதே அவர் கடமை. தன்னை மாய்த்துக்கொள்வது பற்றிய பேச்சோ எழுத்தோ தென்பட்டால் காத்திராமல், குழந்தையைத் தனியே விடாமல், பெற்றோரோடும் மருத்துவரோடும் அன்றே தொடர்புகொள்ள வேண்டும். திட்டங்களால் உளச்சிக்கல்களின் அளவில் மாற்றம் இல்லை என்னும் கர்நாடக ஆய்வின் முடிவு, மருத்துவ உதவி தேவைப்படும் நிலையை வகுப்பறையால் ஈடுசெய்ய இயலாது என்பதையே காட்டுகிறது.

ஐந்தாவது, மறைகாப்பின் எல்லையை முன்கூட்டியே சொல்லுதல். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்களித்துவிட்டு, போக்சோ சட்டப்படி தெரிவிக்க நேர்கையில் குழந்தை இருமுறை ஏமாற்றப்பட்டதாக உணரும். ‘உன்னைக் காக்கத் தேவையானவரிடம் மட்டும் சொல்வேன், சொல்லுமுன் உன்னிடம் தெரிவிப்பேன்’ என்பதே நேர்மையான வாக்கு.

இவற்றைச் செய்ய ஆசிரியர்க்கும் சூழல் வேண்டும். எமிஸ் தளத்தில் விவரப் பதிவு, நலத்திட்டப் பொருள் வழங்கல், தேர்தல் பணி, கணக்கெடுப்பு எனக் கற்பித்தல் சாராப் பணிகள் பெருகிய நிலையில் பொறுமை என்பது வெறும் அறிவுரையால் விளையாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்ததற்காக ஆய்வுக் கூட்டத்தில் பலர் முன் கடிந்துரைக்கப்படும் தலைமையாசிரியரிடமிருந்து அவ்விழிவு ஆசிரியர்க்கும், ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கும் இறங்கி வருவதைத் தடுக்க இயலாது. குழந்தையை இழிவுபடுத்தாத பள்ளி வேண்டுமெனில், ஆசிரியரை இழிவுபடுத்தாத நிருவாகமும் வேண்டும்.

7. ஆய்விற்குரிய களங்கள்

இத்துறையில் தமிழ் ஆய்வாளர்க்குரிய பணிகள் பல உள. வகுப்பறையில் வழங்கும் வசைச்சொற்கள், விளிகள், பாராட்டுச் சொற்கள் ஆகியவற்றை வட்டார வாரியாகத் தொகுத்து, அவற்றைக் கேட்கும் குழந்தைகள் எவ்வாறு பொருள்கொள்கின்றனர் என்பதை ஆராயலாம். ‘மாணவர் மனசு’ பெட்டியின் பயன்பாட்டை, எழுதியவர் அடையாளம் வெளிப்படாத முறையில், மாவட்ட அளவில் ஆராயலாம். வெளிநாட்டு உளவியல் அளவுகோல்களை மொழிபெயர்ப்பதோடு நில்லாமல், தமிழ்க் குழந்தைகள் தம் துன்பத்தைக் கூறும் சொற்களிலிருந்தே அளவுகோலை உருவாக்கலாம். ‘மனசு சரியில்லை’, ‘வயிறு வலிக்குது’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ எனக் குழந்தை சொல்வனவற்றைப் புரிந்துகொள்ள மொழியியலும் உளவியலும் இணைய வேண்டியுள்ளது. கல்வியியல் கல்லூரிகளில் விரிவுரையாளர்கள், கற்பித்தல் பயிற்சியை மதிப்பிடும் படிவத்தில் ‘தவறான விடையை ஏற்ற முறை’ என்னும் ஒரு கூற்றைச் சேர்த்தாலே தொடக்கம் அமையும்.

முடிவுரை

குழந்தைகளின் சமூக மனவெழுச்சி நலம் என்பது பாடத்திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டிய மற்றொரு பாடம் அன்று. அது இரு வேறு பணிகளை உள்ளடக்கியது. இழிவு நேராத வகுப்பறையைக் காப்பது ஆசிரியரின் பணி. இதனைச் சட்டம் ஏற்கெனவே கட்டாயமாக்கியுள்ளது. கர்நாடக ஆய்வு இதன் பயனைக் காட்டியுள்ளது. குழந்தையின் குறையைக் கேட்டு, கேட்டபின் காப்பது வேறொருவரின் பணி. இதன் இன்றியமையாமையை நாளந்தா ஆய்வும் நாங்குநேரிக்குப் பின் எழுந்த பரிந்துரையும் உணர்த்துகின்றன. இரண்டையும் ஆசிரியர் ஒருவர் மீதே ஏற்றினால் இரண்டும் கெடும். பயிற்சி முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, பள்ளிதோறும் மதிப்பெண்ணேடு கையில் இல்லாத ஒருவரை அமர்த்துவதும், ஆசிரியர் தம் அன்றாடச் சொல்லையும் அறிவிப்பையும் திருத்திக்கொள்வதுமே இன்றைய தேவையாகும். அப்போதுதான் கல்வி, தொல்காப்பியர் வைத்த இடத்தில், பெருமிதத்தின் களமாக நிற்கும்.